அவசரபுத்திக்கு மார்க் போட முடியுமா?

கேள்வி: என் தம்பி மகன் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறான். அங்கே ஒரு கேள்வித்தாள் கொடுத்து அவசரபுத்தியை அளந்தார்களாம், இவனுக்கு மார்க் அதிகம். அப்படி வாங்குபவர்கள் குடிக்குப் போய்விடுவார்கள், அதுவும் இனத்துக்கு இனம் மாறும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். வீட்டில் ஒரே கலவரம். நமக்கும் இது பொருந்துமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் பையனைத் திட்டுவதை நிறுத்துங்கள் அம்மா. இந்த மாதிரித் தாள்களில் அதிகம் புழங்குவது பாரட் அளவுகோல். 1995ல் வந்த வடிவத்தில் 30 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மார்க். ஆனால் அவசரபுத்தி ஒரே சரக்கு இல்லை. 2001ல் வைட்சைட், லைனம் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதை நான்காகப் பிரித்தார்கள். அதில் மனசு நொந்த நேரத்தில் சட்டென்று எதையாவது செய்துவிடும் குணம்தான் குடியால் வரும் சிக்கல்களோடு அதிகம் ஒட்டுகிறது. த்ரில் தேடுகிறவன் அதிகமாகக் குடிக்கலாம், ஆனால் அவன் கதை வேறு.

இனம் என்று வந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும், ஏனென்றால் இரண்டு கூட்டத்தை ஒப்பிடும் முன், கேள்வியை இருவரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொள்கிறார்களா என்று சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கடைத் தராசை வைத்துக்கொண்டு எந்த மீன் பெரிசு என்று சண்டை போடுவது போல ஆகிவிடும். ‘இன்றைக்கு 500 ரூபாயா, ஒரு மாதம் கழித்து 1000 ரூபாயா’ என்று கேட்டும் அளப்பார்கள். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போகிறவரிடம் 61 நாள் தடைக்காலத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், 500ஐத்தான் வாங்குவார். அது அவசரபுத்தியா, அடுப்பு எரியணும் என்ற கணக்கா?

அமெரிக்காவிலேயே பள்ளி மாணவர் கணக்கெடுப்புகளில் பல வருடமாகக் கறுப்பின மாணவர்கள் வெள்ளை இனத்தவரைவிடக் குறைவாகத்தான் குடிக்கிறார்கள், ஆகவே நிறத்தை வைத்து ஆளை எடைபோடும் பேச்சு அங்கேயே எடுபடவில்லை. நமக்கு அந்த இனக் கணக்கை அப்படியே மாட்டவும் முடியாது. ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போனால் பாட்டில் விலை குறைகிறதே, அது எந்தக் கேள்வித்தாளில் வருகிறது?

சரி, இவ்வளவு எழுதினீர்கள், பையன் குடிக்கிறானா என்று ஒரு வரி இல்லையே? அதைக் கேளுங்கள், அவனிடமே, சத்தம் போடாமல். குடிக்கிறான் என்றால் எப்போது, எந்த மனநிலையில் என்று பேசுங்கள். நிறுத்த முடியாமல் தவித்தால் 14446 என்ற அரசு இலவச எண் இருக்கிறது. இல்லை என்றால் அந்தத் தாளை மடித்து வையுங்கள்.