ஓண சீசனில் தடுமாறும் ஆட்கள்: மோட்டிவேஷன் வகுப்பு உதவுமா?

கேள்வி: தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்கிறேன். எடை போட, பெட்டி கட்ட, வண்டியில் ஏற்ற, போன் எடுக்க என்று ஏழு பேர் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் வந்தால் மட்டும் திருவனந்தபுரம் பெட்டி கொல்லம் வண்டியில் ஏறிவிடுகிறது, ஒருத்தரை ஒருத்தர் கத்துகிறார்கள். விளையாட்டு வீரர்கள் மாதிரி பிரஷரைத் தாங்கப் பழக்க, பேச்சாளர் ஒருவரைக் கூட்டிவந்து வகுப்பு எடுக்கலாமா?

பதில்: அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள், அண்ணாச்சி. விடியுமுன் எழுந்து வந்து பூ மூட்டை சுமக்கிறவருக்கு மனவலிமை பற்றி யார் என்ன சொல்லித் தரமுடியும்? விளையாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. நல்ல அணி, யார் சொன்னால் யார் கேட்பது, எது முதலில் எது அப்புறம் என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே பேசி முடித்திருக்கும். நெருக்கடியில் புதிதாக யோசிக்க வேண்டியது குறைவு, அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு அவர்கள் நிதானமாகத் தெரிகிறார்கள்.

நம்ம பக்கம் ராத்திரி லைட் போட்டு நடக்கும் கபடி மேட்சைக் கவனியுங்கள். பாடிப்போகிற ரைடருக்கு இருப்பது 30 வினாடி. எதிரே நிற்கும் ஏழு பேரும் ஒரேயடியாகப் பாய்வதில்லை. பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் கார்னர்காரர் கணுக்காலைப் பிடித்த பிறகுதான் மற்றவர்கள் வந்து அமுக்குவார்கள். யாராவது அவசரப்பட்டு முந்திப் பாய்ந்தால் ரைடர் பாயிண்டோடு கோட்டைத் தொட்டுவிடுவார்.

உங்கள் கடையில் நடப்பதும் இந்த முந்திப் பாய்ச்சல்தான் என்று நினைக்கிறேன். டிரைவர் ஹார்ன் அடிக்கிறார், போனில் ஒரு பார்ட்டி வாடாமல்லி இன்னும் 20 கிலோ வேண்டும் என்கிறார், போன் எடுத்தவர் உடனே தராசுக்காரரைப் பார்த்துக் கத்த, அவர் பாதி எடை போட்ட கேந்தியை ஓரமாக இறக்கிவிட்டு வாடாமல்லிக்குப் போக, சீட்டு ஒட்டாத அந்தக் கேந்திப் பெட்டியை வேறொருவர் நல்ல எண்ணத்தில் வண்டியில் ஏற்றிவிடுகிறார். யாரும் சோம்பேறி இல்லை. எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் மருத்துவமனைக்கும் இதே தலைவலி இருந்தது. இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும்போது ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டு, தகவல் விட்டுப்போகும். அவர்கள் ஃபெராரி கார் பந்தய அணியைப் போய்ப் பார்த்தார்கள். பந்தயத்துக்கு நடுவே டயர் மாற்ற அத்தனை பேர் குனிந்து நின்றாலும், கார் கிளம்பலாம் என்று சொல்வது ஒரே ஆள். மருத்துவமனையும் அப்படியே மாறியது: இந்த நேரத்தில் பொறுப்பு இவருக்கு, முதலில் கருவிகளை மாட்டுவது, பிறகு தகவல் சொல்வது என்று வகுத்துக்கொண்டார்கள். தவறுகள் குறைந்ததை 2007-ல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். நீங்களும் வண்டி வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். அவர் சீட்டைப் பார்த்துத் தலையசைக்காமல் ஒரு பெட்டியும் ஏறக்கூடாது, போன் ஆர்டரும் அவர் வழியாகத்தான் தராசுக்குப் போகவேண்டும். முதல் ரெண்டு நாள் 'எதுக்கு இந்தத் தாமதம்' என்று முணுமுணுப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வேலையைச் சின்னதாக வெட்டுங்கள். 2021 ஜனவரியில் சிட்னி கிரிக்கெட் டெஸ்டின் கடைசி நாள், இந்திய அணியில் தொடையில் காயத்தோடு விஹாரி, முதுகு வலியோடு அஷ்வின், 40 ஓவருக்கு மேல் நின்று மேட்சை டிரா செய்தார்கள். பத்துப் பத்துப் பந்தாகப் போகலாம் என்று அஷ்வின் தமிழிலேயே சொன்னது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. காலையில் ஆட்களிடம் 'இன்னைக்கு இத்தனை டன் போகணும்' என்றால் மலைப்புதான் வரும். இந்த வண்டி, இதற்கு இத்தனை பெட்டி, முடிந்ததும் அடுத்த வண்டி. சுவரில் ஒரு போர்டு போதும்.

ஒத்திகையும் வேண்டும். கால்பந்து உலகக் கோப்பையில், டிரா ஆன மேட்சை ஆளுக்கொரு பந்து அடித்து முடிவு செய்யும் பெனால்டி ஷூட்அவுட்டில் 1990, 1998, 2006 என்று மூன்று முறை தோற்ற இங்கிலாந்து, 2018-ல் பல மாதம் அதற்கென்றே பயிற்சி எடுத்துக் கொலம்பியாவை வென்றது. ஓணத்தின் பத்து நாள் தொடங்கும் அத்தம் பிறக்க ஒரு வாரம் முன்பு, ஒரு சாதாரண நாளில், ரெண்டு வண்டியை ஒரே நேரத்தில் வரவழைத்து ஏற்றிப் பாருங்கள். எங்கே முட்டுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் விளையாட்டிலிருந்து அப்படியே வராது. 90 நிமிஷ மேட்சுக்கு வாரம் முழுக்கப் பயிற்சியும் ஓய்வும் உண்டு. உங்கள் ஆட்களுக்கு பத்து நாளும் மேட்ச். ஆறாம் ஏழாம் நாள் வரும் குழப்பத்தில் பாதி தூக்கமின்மைதான். பேச்சாளருக்கு ஒதுக்கிய பணத்தில் அந்தப் பத்து நாளுக்கு மாற்றாள் ரெண்டு பேரைப் போட்டு, சுழற்சியில் ஆளுக்கொரு நாள் முழு ஓய்வு கொடுங்கள்.

தவறு நடந்தால் விசாரணை வண்டி போன பிறகு. 'யாருலே ஏத்துனது' என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் ஒரு பயனும் இல்லை.

வாசலில் நிற்கும் அந்த ஒரே ஆள் தயவுசெய்து நீங்களாக இருக்கவேண்டாம். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் விலையை போனில் பேசிக்கொண்டிருப்பவர் சீட்டையும் பார்ப்பது நடக்காது. நிதானமாக எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளாகப் பார்த்து நிறுத்துங்கள், அவர் 'நில்லுங்க' என்றால் நீங்களும் நில்லுங்கள்.