வாசகர் கேள்வி – பதில்: பழைய லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, என் தகப்பனார் பயன்படுத்திய நிக்கோன் லென்ஸ்கள் மூன்று என்னிடம் உள்ளன: 50 மி.மீ. எஃப் 1.4, 105 மி.மீ. எஃப் 2.5, 180 மி.மீ. எஃப் 2.8. அவற்றைச் சோனி மிரர்லெஸ் கேமராவில் பொருத்திக் கையால் ஃபோகஸ் செய்து வருகிறேன். வயதான கண்ணுக்கு அது சிரமமாக இருக்கிறது. ஓர் அடாப்டர் வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உண்மைதான். ஆனால் உங்கள் மூன்று லென்ஸ்களுக்கும் பலன் ஒரே அளவில் இருக்காது.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் இந்த அடாப்டர்கள் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதே இல்லை. கேமராவின் கட்டளைக்கேற்ப, உள்ளிருக்கும் சிறு மோட்டார் லென்ஸ் முழுவதையும் சில மில்லிமீட்டர் முன்னே தள்ளுகிறது அல்லது பின்னே இழுக்கிறது. 1996இல் வந்த கோன்டாக்ஸ் ஏஎக்ஸ் கேமரா இதே வேலையை மறுபக்கத்திலிருந்து செய்தது: லென்ஸை அசைக்காமல், படச்சுருள் இருக்கும் உட்பகுதியை 10 மி.மீ. வரை நகர்த்தியது. மோட்டாரை அடாப்டருக்குள் அடக்க முடிவதற்குக் காரணம், மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில், படத்தைப் பதியும் சென்சாருக்கும் லென்ஸ் பொருந்தும் வளையத்திற்கும் உள்ள தூரம் குறைவு என்பதே. சோனியில் அது 18 மி.மீ.; லைக்கா எம் லென்ஸ்களுக்கு 27.8 மி.மீ. தேவை. மீதமுள்ள 9.8 மி.மீ. இடத்தில்தான் டெக்ஆர்ட் நிறுவனம் 2016இல் லைக்கா எம் லென்ஸ்களுக்கான தன் மோட்டார் அடாப்டரை அமைத்தது. நிக்கோன் லென்ஸ்களுக்கு 46.5 மி.மீ. வேண்டும் என்பதால், நிக்கோனிலிருந்து லைக்கா எம்முக்கு மாற்றும் சாதாரண அடாப்டர் ஒன்றையும் நீங்கள் இடையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அந்த அடாப்டர் நகரக்கூடிய தூரம் 4.5 மி.மீ. மட்டுமே. உங்கள் முடிவு இந்த எண்ணைப் பொறுத்தது. ஃபோகஸ் வளையத்தை முடிவிலியில் (∞ குறியில்) வைத்துவிட்டால், 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 60 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். வீட்டு விசேஷங்களுக்கு இது தாராளம். 105 மி.மீ. லென்ஸ் சுமார் இரண்டரை மீட்டரில் நின்றுவிடும். அதைவிடக் கிட்ட வேண்டுமானால் வளையத்தையே இரண்டரை மீட்டருக்குத் திருப்பி வையுங்கள்; அங்கிருந்து ஏறக்குறைய 1.3 மீட்டர் வரை மோட்டார் பார்த்துக்கொள்ளும், ஆனால் தூரத்துக் காட்சிகள் அப்போது கிடைக்கமாட்டா. 180 மி.மீ. லென்ஸோ ஏழு மீட்டருக்கு மேல்தான் ஒத்துழைக்கும். அதன் எடையும் கிட்டத்தட்ட 800 கிராம். இத்தகைய மோட்டார் சுமார் 700 கிராம் வரைதான் தாங்கும் என்பதால், அதனைக் கையால் ஃபோகஸ் செய்வதே நல்லது.

அப்பர்ச்சரையும், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தையும், கவனியுங்கள். பழைய லென்ஸில் அதை நாமே வளையத்தால் திருப்புகிறோம். கேமராவால் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூட இயலாது. எஃப் 2, எஃப் 2.8 என்ற அளவில் திறந்திருக்கும்போது ஆட்டோஃபோகஸ் சுறுசுறுப்பாக இயங்கும். எஃப் 8க்கு மூடினால், மண்டப வெளிச்சத்தில் அது தடுமாறும். இடது கையால் லென்ஸை இறுகப் பிடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மோட்டார் தள்ளும்போது நீங்கள் தடுத்துக்கொண்டிருப்பீர்கள். கேமராவின் உடலைத் தாங்குங்கள்.

காலப்போக்கில் பழைய லென்ஸ்களின் கிரீஸ் இறுகி வளையம் திரும்ப மறுப்பது வழக்கம். வளையத்தை அடிக்கடி திருப்பத் தேவையில்லாததால், அந்தக் குறை இங்கே பெரிதாகத் தெரியாது. உள்ளே பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள். படத்தில் மூட்டம் விழுந்தால் ஆட்டோஃபோகஸும் மந்தமாகும்.

50, 105 ஆகிய இரண்டுக்காக இதை வாங்கலாம் என்பதே என் கருத்து. சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்‌ஷன் (ஃபோகஸ் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று உடனே கணிக்கும் முறை) வசதியுள்ள கேமராவில்தான் இது ஒழுங்காக இயங்கும். ஆகவே உங்கள் மாடல் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிகளைப் படமெடுக்க, என் பழைய 28 மி.மீ. லென்ஸுக்கு இந்த அடாப்டர் உதவுமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அதற்காக வாங்க வேண்டாம். 272 படிகளிலும் நெரிசலாக நகரும் கூட்டத்தில், லென்ஸ் முழுவதையும் சுமந்து நகரும் மோட்டார் பின்தங்கும். குறுக்கே வரும் மயிலிறகையோ தூக்கிய கையையோ பிடித்துக்கொள்ளும். முழுச் சட்டக (35 மி.மீ. படச்சுருள் அளவுள்ள) சென்சார் உள்ள கேமராவில், 28 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து, ஃபோகஸ் வளையத்தை 3 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை அனைத்தும் தெளிவாக விழும். பகல் வெளிச்சத்தில் இதைவிட வேகமான ஆட்டோஃபோகஸ் எதுவும் இல்லை.

கேள்வி: பழைய லென்ஸில் காணொளி எடுக்கிறேன். எனக்கும் இதே அடாப்டர்தானா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை. மோட்டாரின் ஓசை மைக்கில் பதியும். ஃபோகஸ் மாறும்போது ஏற்படும் சிறு குலுக்கலும் திரையில் தெரியும். உங்களுக்கு ஏற்றது, ஃபோகஸ் வளையத்தின் மேல் பல்சக்கரப் பட்டை மாட்டி, அதைத் திருப்பும் வெளி மோட்டார். டிஜேஐ நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஃபோகஸ் புரோ, லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) மூலம் தூரத்தை அளந்து வளையத்தைத் தானே திருப்புகிறது. ஒவ்வொரு லென்ஸுக்கும் முதலில் அளவு பொருத்திப் பதிவு செய்ய வேண்டும். வளையம் இறுகியிருந்தால் இங்கே அது பெருங்குறை, ஆகவே கிரீஸை மாற்றிய பிறகே பொருத்துங்கள்.