தேக்கா மளிகைக் கடைக்கும் பல்கலைக்கழக ஆய்வு மையத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: சிங்கப்பூரில் இந்திய வணிகத்தையும் பன்னாட்டு வர்த்தகத்தையும் ஆராயும் பல்கலைக்கழக மையங்களால் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் கடை வைத்திருப்பவருக்கு ஏதாவது பயன் உண்டா? தமிழ் தெரிந்த பட்டதாரி அங்கே வேலைக்குப் போகலாமா?

பயன் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற பயன் இல்லை.

என் அப்பா முப்பது வருஷமாக அரிசி, பருப்பு, மசாலா இறக்குமதி செய்து கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறார். நான் படிப்பு முடித்ததும் இப்படிப்பட்ட ஓர் ஆய்வு மையத்தில் இரண்டு வருஷம் ஒப்பந்த வேலை பார்த்தேன். (எந்த மையம் என்று கேட்காதீர்கள். கீழே கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன்.) வேலைக்குச் சேர்ந்த வாரமே அப்பா கேட்டார்: "உங்க ஆபீஸ்ல அடுத்த மாசம் துவரம்பருப்பு என்ன விலைன்னு சொல்வாங்களா?" சொல்ல மாட்டார்கள் என்றேன். "அப்ப என்னதான் பண்றீங்க?" என்றார். அதற்கு எனக்கே பதில் தெரிய ஒரு வருஷம் ஆனது.

முதலில் எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கிய தெற்காசிய ஆய்வுக் கழகம் இருக்கிறது. எல்லோரும் ஐசாஸ் என்பார்கள். இந்தியப் பொருளாதாரம், வர்த்தகம், அரசியல், வெளியுறவு எல்லாம் அங்கே வரும். அவர்களுடைய சின்னக் கட்டுரைகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதே பல்கலைக்கழகத்தின் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியில் 2006 முதல் ஆசியப் போட்டித்தன்மைக் கழகம் என்று ஒன்று. இந்திய மாநிலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அவர்கள் போட்ட ஆய்வுகள், சரக்கை எந்த மாநிலத்தில் வாங்கலாம் என்று யோசிப்பவருக்குப் பிடிக்கும். பெயர்ப் பட்டியல் இதோடு போதும்.

இனி 2023 ஜூலை 20க்கு வருவோம். வியாழக்கிழமை ராத்திரி. பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்திவிட்டது. தூத்துக்குடியிலிருந்து அப்பாவின் ஏஜென்ட் போன் போட்டு, "அண்ணாச்சி, அரிசி மொத்தத்தையும் நிறுத்திட்டாங்க" என்றார். அப்பாவுக்கு அங்கே மூன்று கன்டெய்னர். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மையத்தில் ஒரு மூத்த ஆய்வாளர் அந்த அறிவிப்பைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாக அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் அப்பா கதையைச் சொன்னதும் ஓர் எண்ணைக் காட்டினார்: 1006 30 90. சுங்க வகைப்பாட்டில் முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். 1006 என்றால் அரிசி, 30 என்றால் தீட்டிய அரிசி. கடைசி 2 இலக்கம் அந்தந்த நாட்டின் இஷ்டம். இந்தியா அதில் 10 என்பதைப் புழுங்கலுக்கும், 20 என்பதைப் பாசுமதிக்கும், 90 என்பதை 'மற்றவை'க்கும் வைத்திருந்தது. தடை அந்த 90க்கு மட்டும்.

அதாவது அன்றைய விதிப்படி இட்லி அரிசி வரலாம், பொன்னிப் புழுங்கல் வரலாம், பொன்னிப் பச்சரிசி வராது. பிரியாணிக்குப் போகிற சீரகச் சம்பா, பச்சரிசியாக வந்தால், பாசுமதியோடு போட்டி போடுகிற விலை இருந்தாலும் 'மற்றவை'. அதுவும் நின்றது. திண்டுக்கல் பிரியாணிக்காரர்கள் கேட்டால் கோபப்படுவார்கள், ஆனால் அன்றைய சட்டத்தின் கண்ணில் அது பெயர் இல்லாத அரிசி.

இன்னொரு வரியும் இருந்தது. அறிவிப்புக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்குக்கு விலக்கு உண்டு. சுங்கத் துறையிடம் ஒப்படைத்து, அவர்கள் கணினியில் பதிவாகியிருந்தாலும் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்டு மூன்று கன்டெய்னரிலும் என்ன என்று கேட்டேன். ஒன்றில் இட்லி அரிசி, தடைக்கு வெளியே. ஒன்றில் பச்சரிசி, ஆனால் புதன்கிழமையே சுங்கத்திடம் போயிருந்தது. மூன்றாவது சீரகச் சம்பா, இன்னும் மில்லை விட்டுக் கிளம்பவில்லை. மூன்றும் போச்சு என்று நினைத்தவருக்கு ஒன்றுதான் போனது.

அந்த ஆய்வாளர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: அடுத்து புழுங்கலில் கை வைப்பார்கள், சீக்கிரம் எடுக்கச் சொல்லு என்று. ஜோசியம் இல்லை இது. 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதியை நிறுத்திப் பச்சரிசிக்கு 20 சதவீதம் வரி போட்டபோது, வெளிநாட்டு வாங்குபவர்கள் எதை விட்டு எதற்குத் தாவினார்கள் என்று அவர் மாதவாரியாக எழுதி வைத்திருந்தார். 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி புழுங்கலுக்கும் 20 சதவீதம் வந்தது. அப்பா அதற்குள் இரண்டு கன்டெய்னர் இறக்கியிருந்தார். (அதற்குப் பிறகு மையத்தைப் பற்றிய அவருடைய கிண்டல் குறைந்தது. நிற்கவில்லை.)

ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு 50,000 டன் தர இந்தியா ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்தபோது கடைக்காரர்கள் பலரும் சந்தோஷப்பட்டார்கள். அது இந்திய அரசு நியமித்த ஒரு கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் வழியாக வரும் ஒதுக்கீடு. தேக்காவிலிருந்து ஏஜென்டுக்கு போன் போட்டு வாங்குகிற சரக்கு இல்லை. 2022இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவிலிருந்து வந்தது. அப்படியிருந்தும் இங்கே அலமாரி காலியாகாததற்குக் காரணம் அந்த ஒதுக்கீடு மட்டும் இல்லை. இறக்குமதியாளர்கள் அரசு குறிப்பிட்ட கிடங்கில் இருப்பு வைத்தே ஆக வேண்டும் என்ற பழைய விதியும், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாங்குகிற பழக்கமும்தான்.

இதிலிருந்து எனக்குப் பிடிபட்டது இதுதான். இந்த மையங்கள் செய்கிற வேலையில் முக்கால்வாசி, எது எந்தப் பெயரில் எண்ணப்படுகிறது என்று தோண்டுவது. இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு என்ன அதிகம் வருகிறது என்று தேக்காவில் கேட்டால் வெங்காயம், அரிசி, சேலை என்பார்கள். மதிப்பில் முதலிடம் பெட்ரோலியப் பொருள்களுக்கு. உலகத்திலேயே கப்பல்கள் அதிகமாக எண்ணெய் நிரப்புகிற துறைமுகம் இது, அதனால் வியப்பில்லை. முதலீடும் அப்படித்தான். 2018-19இல் இந்தியாவுக்கு வந்த நேரடி அந்நிய முதலீட்டில் மொரிஷியஸைத் தாண்டி சிங்கப்பூர் முதலிடத்துக்கு வந்தது. சுமார் 1,600 கோடி அமெரிக்க டாலர். சிங்கப்பூர்க்காரர்கள் இவ்வளவு பணத்தைக் கொண்டுபோய் இந்தியாவில் போட்டார்களா என்றால், இல்லை. பல நாட்டுப் பணம் இங்கே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டு போகிறது. ஃபிளிப்கார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் வணிகம், தாய் நிறுவனத்தின் பதிவு அப்போது சிங்கப்பூரில், 2018இல் 77 சதவீதப் பங்கை வாங்கியது அமெரிக்க வால்மார்ட். இதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று அலுவலகத்தில் ஒரு முழு மாலை சண்டை போட்டிருக்கிறோம்.

சரி, குறைக்கு வருகிறேன்.

2005 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் இந்தியா-சிங்கப்பூர் விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டை, அதாவது காப்பிக் கடையில் எல்லோரும் சீக்கா என்று திட்டுகிற அதை, சிறு இறக்குமதியாளர்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று எங்கள் மையம் ஒரு கருத்தாய்வு நடத்தியது. படிவம் 14 பக்கம், முழுக்க ஆங்கிலம், மின்னஞ்சலில் மட்டும். பதில் வந்தது கொஞ்சம். அதிலும் பெரும்பாலோர் "உடன்பாட்டின் சலுகையைப் பயன்படுத்துவதில்லை" என்று குறித்திருந்தார்கள். வரைவில் "சிறு வணிகர்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று ஒரு வாக்கியம் ஏறிவிட்டது.

எனக்கு உறுத்தியது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டேன். கணக்குப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இங்க அரிசிக்குச் சுங்க வரியே கிடையாது. ஜிஎஸ்டி எல்லாரும் கட்டணும். இல்லாத வரிக்கு எதுக்குச் சலுகை?"

அவ்வளவுதான். சில மதுபானங்களைத் தவிர சிங்கப்பூர் எதற்கும் இறக்குமதி வரி போடுவதில்லை. உடன்பாட்டின் வரிச் சலுகை இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்புபவருக்கு. தேக்கா இறக்குமதியாளருக்கு அதில் வேலையே இல்லை. ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. படிவத்தைத் தயாரித்தவர் வேறு, பதிலைத் தொகுத்தவர் வேறு, நடுவில் யாரும் ஒரு கடைக்குள் போய் உட்காரவில்லை. அந்த வாக்கியத்தை எடுக்க நான் மூன்று மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் "ஓரளவு விழிப்புணர்வு குறைவு" என்று மாற்றினார்கள். அதுவும் தப்புதான்.

சீக்கா பற்றி ஒரு விஷயத்துக்கு மட்டும் மையத்துக்கு நன்றி சொல்வேன். அந்த உடன்பாட்டால்தான் இந்தியர்கள் இங்கே வேலைக்கு வந்து குவிகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. டாக்சியில் ஏறினால், "உங்க ஆளுங்கதானே அந்த ஒப்பந்தத்துல வர்றாங்க" என்று கேட்பார்கள். நான் இங்கேயே பிறந்தவன் என்பது வேறு கதை. ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி இந்தியாவிலிருந்து இங்கே வந்திருந்தவர்கள் 2020இல் சுமார் 500 பேர் என்று 2021 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அந்த ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வண்டி இறங்குவதற்குள் பேச்சு வானிலைக்கு மாறிவிடும்.

வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு: போகலாம், நிரந்தரம் என்று நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலும் ஒப்பந்தம்தான், திட்டத்துக்கு நிதி இருக்கும்வரை நீங்கள் இருப்பீர்கள். பொருளியல் பட்டம் உதவும். அதைவிட உதவுவது சுங்க எண்களையும் இந்திய அரசிதழ் அறிவிப்புகளையும் சலிக்காமல் படிக்கிற பொறுமை.

தமிழுக்கு மதிப்பு உண்டா என்றால், இன்றைய வர்த்தகத்தைவிடப் பழைய வர்த்தகத்தில் அதிகம் உண்டு. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள், அதாவது செட்டியார்களின் வட்டிக் கடைகள், இருந்த காலத்தில் கடன் கொடுக்கல் வாங்கல் எல்லாம் தமிழ்க் கணக்கில்தான் நடந்தது. பேரேடு, பற்று வரவு, ஐந்தொகை. முதலாளி ஊரில் இருப்பார், இங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859இல் கட்டிய சமூகம் அது. எங்கள் மையத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் பழைய கணக்கேட்டின் பக்கம் ஒன்றின் படத்தைக் காட்டி, இந்தக் குறிகள் என்ன என்று கேட்டார். எண்களைத் தமிழ் எண்ணில் எழுதியிருந்தார்கள். எனக்கும் தெரியவில்லை. படத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருடைய தாத்தா கணக்கு எழுதியவர். கால், அரைக்கால், மாகாணி என்று அரை மணி நேரத்தில் முழுப் பக்கத்தையும் படித்துக் குரல் பதிவாக அனுப்பிவிட்டு, கீழே ஒரு வரி போட்டிருந்தார்: "வட்டி ஒரு இடத்துல தப்பா கூட்டியிருக்கான்."