பிரசங்கம் தயாரிக்க மென்பொருள் பயன்படுத்தினால் ஆவியானவருக்கு இடம் இருக்குமா?

உங்கள் கேள்வியைப் படித்தால், சபையில் பிரசங்கம் செய்ய முதல்முறையாக உங்கள் முறை வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. லேப்டாப்பைத் திறந்ததும் வீட்டிலோ சபையிலோ ஒரு பெரியவர், “முழங்கால்ல நிக்காம இதுல என்ன தேடுற?” என்று கேட்டிருப்பார். என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் போதகர் இல்லை. பெரம்பூர் பக்கம் ஒரு சபையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேசுகிற சாதாரண விசுவாசி. வேலை ரயில் பெட்டித் தொழிற்சாலையில். அளந்து பார்க்காத ஒரு பாகத்தை அங்கே அடுத்த ஆளிடம் தள்ளிவிட முடியாது. ஆனால் மேடையில் பல வருஷம் அளக்காமலேதான் தள்ளிக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கழுகுக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாற்பது வயதானதும் கழுகு மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைக்கும், புது அலகு முளைத்ததும் பழைய நகங்களைப் பிடுங்கும், பிறகு இறகுகளைப் பிடுங்கும், 150 நாள் கழித்து இன்னும் 30 வருஷம் வாழும். சங்கீதம் 103:5, “கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயது போலாகிறது.” இந்தக் கதையை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் ஜனங்கள் அழுதார்கள். ஒருமுறை பைபாஸ் முடிந்து வந்த ஒரு அண்ணனுக்காகவே சொன்னேன்.

நான்காவது முறை தயாரித்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. அதற்குள் இ-சுவார்ட் என்ற இலவச வேதாகம மென்பொருளைப் போட்டிருந்தேன். லோகோஸ் என்ற மென்பொருள் இதைவிடப் பெரியது, 1992-இலிருந்து வருகிறது, ஆனால் என் சம்பளத்துக்கு இதுதான். இதில் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தின் சொற்களோடு ஸ்ட்ராங் எண்கள், அதாவது ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் கொடுத்த எண்கள் இருக்கும். அந்த எண்ணைத் தட்டினால் அதே எபிரெயச் சொல் எங்கெல்லாம் வருகிறதோ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கழுகுக்கு 5404, நெஷெர். இருபத்தாறு இடம். தமிழ் வேதாகமத்தை மடியில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாத்திராகமம், உபாகமம், யோபு, ஏசாயா, அப்புறம் மீகா 1:16: “கழுகைப்போல முழுமொட்டையாயிரு.”

விரல் அங்கேயே நின்றுவிட்டது. மொட்டைத் தலை எந்தக் கழுகுக்கு? பிணந்தின்னிக் கழுகுக்கு. நெஷெர் என்ற சொல் இரண்டையும் குறிக்கும் என்று அகராதியிலேயே இருந்தது. சங்கீதக்காரன் சொல்வது பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைப்பதைத்தான் என்று விளக்கவுரையில் போட்டிருந்தது. அலகைப் பற்றி ஒரு வரி இல்லை. பறவைகளைப் பற்றித் தேடினேன். அலகு முழுசாக உடைந்த கழுகால் இரையைக் கிழிக்க முடியாது, பட்டினியில் செத்துவிடும். மணி பதினொன்றரை. எழுதிய நான்கு பக்கத்தில் இரண்டரையை அழித்தேன்.

மறுநாள் மேடையில் முதல் வார்த்தையாக, “நான் முன்னாடி சொன்ன கழுகுக் கதை உண்மையில்லை, மன்னிச்சுக்குங்க” என்றேன். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர், “அந்தக் கதையால எத்தனை பேர் ஆறுதல் அடைஞ்சாங்க தெரியுமா தம்பி, அத ஏன் கெடுத்தீங்க?” என்று வருத்தப்பட்டார். அதைத் தாங்கிக்கொண்டேன். வாசலில் அந்த பைபாஸ் அண்ணனின் மனைவி நின்றார். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: “அப்போ வசனமும் பொய்யா பிரதர்?” அவர் கேட்டது இன்றைக்கும் எனக்குக் காதில் விழுகிறது. “வசனம் பொய்யில்லக்கா, நான் ஒட்டினதுதான் பொய்” என்றேன்.

இதைப் படித்துவிட்டு, “எந்திரத்தை நம்புகிறவன்” என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏஐ-யிடம் தலைப்பைக் கொடுத்து முழுப் பிரசங்கத்தையும் வாங்கிப் படிப்பதை நான் ஆதரிக்கவில்லை. என் சபையின் துக்கம் அதற்குத் தெரியாது. நான் சொல்வது தேடுகிற, சரிபார்க்கிற கருவியைப் பற்றி. 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுவந்த அச்சுப்பொறி இதே சென்னை வேப்பேரியில் ஜெர்மன் மிஷனரி பெப்ரீசியஸ் ஐயர் கைக்கு வந்தது. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இல் அச்சானது. அதுவும் எந்திரம்தான். ஆவியானவர் தடைபட்டுப் போய்விடவில்லை. ஜெபத்தை நான் விடவில்லை. முன்பைவிட இப்போது அதிகப் பயத்தோடு ஜெபிக்கிறேன்.

திரை விஷயம் வேறு. பாட்டும் வசனமும் திரையில் காட்ட ஓபன்எல்பி என்ற மென்பொருள் போதும், இலவசம். ஆனால் எங்கள் பழைய பாட்டுகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும்தான் தெரிந்தது. வாலிபர் சங்கப் பிள்ளைகள் எல்லாக் கணினியிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்க ஒரு கோடை விடுமுறையே போனது. நீங்கள் புதிதாகத் தொடங்கினால் முதல் நாளே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்.

மேடைக்கு டேப் வேண்டாம். மே மாதம் ஒரு ஞாயிறு, ஆரம்ப ஜெபத்துக்குக் கண்ணை மூடித் திறந்தேன், டேப் பூட்டிக்கொண்டிருந்தது. வியர்த்த விரலை அது ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து ஏ4 தாளில் பெரிய எழுத்தில் நான்கே பக்கம், எனக்கு 22 நிமிடம் வரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் மனசு கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கமிட்டி எல்இடி சுவர் வாங்கியது. விடியற்காலை கோயிலைத் திறந்து, பெருக்கி, மணியடிக்கிற அண்ணனுக்கு நான்கு வருஷமாகச் சம்பளம் ஏறவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கதவைத் திறக்கிறார். கூட்டத்தில் இரண்டு முறை எழுந்து கேட்டேன். “அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்” என்றார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தேடலை முடித்து மென்பொருளை மூடிவிடுங்கள். சனிக்கிழமை தாளும் நீங்களும் ஜெபமும் மட்டும். அடுத்த மாதம் என் முறை. மறுபடி 103-ஆம் சங்கீதத்தையே எடுத்திருக்கிறேன். அந்த இருபத்தாறு வசனங்களையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பிரதி அந்த அக்காவுக்கு. அவரே கேட்டு வாங்கியிருக்கிறார்.