இன்னும் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது?

கேள்வி: ஞானஸ்நானம் பெற்று 14 ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறேன். வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனித்துவருகிறேன். விடியற்காலையில் பொறுமை கேட்டு ஜெபிக்கிறேன். பத்து மணிக்குள் அவரிடம் எரிந்து விழுகிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தினமும் அதையே கேட்டு நிற்க வெட்கமாக இருக்கிறது. விசுவாசத்தில் நான் வளரவே இல்லையா?
– ஒரு வாசகி, கம்பம்

அன்புச் சகோதரி,

உங்கள் கோபத்தைவிட அந்த வெட்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. கோபப்பட்டவர் ஆண்டவரிடம் திரும்பிவிடுவார். வெட்கப்படுகிறவரோ நாளடைவில் கேட்பதையே நிறுத்திவிடுவார்.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினமும் தந்த உணவான மன்னா, ஆளுக்கு ஒரு ஓமர் என்ற அளவுதான். மறுநாளுக்கென்று எடுத்துவைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்காக வைத்தது மட்டுமே கெடவில்லை. இப்படியே 40 ஆண்டுகள்! கடைசி ஆண்டிலும் காலையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அதை யாரும் வளர்ச்சியின்மை என்று சொல்லவில்லை. "இன்று எங்களுக்குத் தாரும்" என்றுதான் இயேசுவும் கேட்கக் கற்றுக்கொடுத்தார்.

உங்கள் ஊரில் திராட்சைப் பந்தல்களுக்குக் குறைவில்லை. கவாத்து செய்து தரையில் போட்ட கொடி சிறிது நேரம் பச்சையாகத்தான் கிடக்கும், பிறகு வாடிவிடும். எத்தனை ஆண்டுச் செடியானாலும், நேற்று ஏறிய சாற்றை வைத்துக்கொண்டு கொடி தனியே பிழைக்காது. "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" (யோவான் 15:5) என்று இயேசு சொன்னது புதிதாக வந்தவர்களிடம் இல்லை. கூடவே நடந்து பழகிய சீஷர்களிடம், காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில் சொன்னார்.

காலை ஜெபத்தை நாள் முழுவதற்குமான இருப்பாக நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் பத்து மணிக்குக் கை வெறுமையாகிறது. மாமியாரின் அறை வாசலில் ஒரு கணம் நில்லுங்கள். தண்ணீரில் அமிழ்ந்தபோது பேதுரு நீண்ட ஜெபம் செய்யவில்லை. "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்றான். அது போதும். ஒரு நாளில் இருபது முறை ஆனாலும் சொல்லுங்கள். எரிந்து விழுந்துவிட்டால் இரவுவரை காத்திராமல் அப்போதே ஆண்டவரிடமும் அத்தையிடமும் மன்னிப்புக் கேளுங்கள்.

இன்னொன்று. கிறிஸ்துவைச் சார்ந்திருப்பவர் மனிதரிடம் உதவி கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போரின்போது உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கிப் பிடித்தார்கள். வாரத்தில் இரண்டு இரவுகளாவது உங்கள் கணவர் அவருடைய தாயின் அருகில் படுக்கட்டும். இன்றைக்கே கேளுங்கள்.