கைமரம் வாங்கும்போது: வாசகர் கேள்வி-பதில்

ஓட்டுக்கூரையைத் தாங்கச் சாய்வாக ஏற்றும் கைமரம் முதலான மரங்களை வாங்குவது தொடர்பாக வந்த கடிதங்களில் சில, சுருக்கித் தரப்படுகின்றன.

கேள்வி: 16 அடி அகலமுள்ள வீட்டுக்கு இருபுறமும் வாட்டம் வைத்து ஓடு வேய்கிறோம். பாதி அகலம் 8 அடி, சுவருக்கு வெளியே நீளும் இறவாரம் 2 அடி என்று கூட்டி, 10 அடிக் கைமரங்களாக வாங்கிவிட்டோம். ஏற்றிப் பார்த்தால் இறவாரம் முக்கால் அடிகூட வரவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். அவர்மீது புகார் செய்யலாமா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

பதில்: செய்ய முடியாது. நீங்கள் 10 அடி கேட்டீர்கள், அவர் 10 அடி கொடுத்தார். கைமரம் தரையோடு படுத்திருப்பதில்லை. சுவர்மேல் கிடக்கும் வளையிலிருந்து முகட்டு உத்திரம் வரை சாய்ந்து ஏறுகிறது. ஆகவே தரையில் அளந்த நீளத்தை வாட்டத்துக்கு ஏற்பப் பெருக்கித்தான் மரத்தின் நீளத்தைக் காண வேண்டும். 30 பாகை வாட்டத்துக்குப் பெருக்க வேண்டிய எண் 1.155. உங்கள் 8 அடி அப்போது 9.24 அடியாகிறது, இறவாரத்தையும் சேர்த்த 10 அடி 11.55 அடியாகிறது. 12 அடி மரமாக வாங்கியிருக்க வேண்டும். இந்த நீளத்தை உங்களுக்குச் சொன்னவர் கூலி பேசி வேலையை ஏற்ற தச்சர் என்றால், சேவைக் குறைபாடு என்று அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்களே கணக்கிட்டு வாங்கியிருந்தால் யாரையும் கேட்பதற்கில்லை. வாங்கிய மரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு கைமரத்தின் பக்கவாட்டிலும் அதே கனமுள்ள துண்டை ஒட்டி வைத்து, வெளியே நீளும் அளவைப்போல் இரு மடங்காவது சுவருக்கு உட்புறம் படியும்படி போல்ட் போட்டு முடுக்கினால் இறவாரத்தை நீட்டிவிடலாம். கைமரத்தின் நடுவில் மட்டும் ஒட்டுப் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: நாலு பக்கமும் சரியும் கூரை போடுகிறோம். மற்றக் கைமரங்கள் 12 அடி என்று எழுதிய கடைக்காரர், நான்கு மரங்களுக்கு மட்டும் 16 அடி என்று எழுதி, கன அடி விலையையும் கூட்டிப் போட்டிருக்கிறார். ஒரே கூரைக்கு ஏன் இரண்டு விலை? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இதில் ஏமாற்று இல்லை, அம்மா. அந்த நான்கும் மூலைக்கைகள். வீட்டின் வெளிமூலையிலிருந்து முகட்டு முனைக்குக் குறுக்காக ஏறுபவை. முதல் கேள்விக்காரரின் அளவையே எடுத்துக்கொண்டால், சாதாரணக் கைமரம் 11.55 அடி வரும் கூரையில் மூலைக்கை 15.28 அடி வரும். அவ்வளவு நீளத்தில் கோணல் இல்லாத மரம் கிடைப்பது அரிது. அதனால் கன அடி விலை ஏறுவது மரவாடிகளில் வழக்கம்தான். மூலைக்கையின்மீது இருபக்கமும் குட்டைக்கைகள் வந்து சாய்வதால், அது மற்றவற்றைவிட ஆழமான (மேலிருந்து கீழ் உயரம் கூடிய) மரமாகவும் இருக்க வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது குட்டைக்கைகளின் கணக்கை. மூலைக்கையில் முட்டி நிற்கும் இவை மூலையை நெருங்க நெருங்கச் சீராகக் குறைந்துகொண்டே போகும். 2 அடிக்கு ஒரு மரம் என்றால், 30 பாகை வாட்டத்தில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2.31 அடி குட்டையாக இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் 12 அடி என்று எழுதியிருந்தால் அதை ஏற்காதீர்கள். நீளமான ஒரு துண்டில் இரண்டு குட்டைக்கைகள் வெட்டலாம் என்பது தச்சருக்குத் தெரியும். கடைச்சீட்டில் அது இருக்காது. வீடு ‘எல்’ வடிவத்தில் திரும்பினால் உள்மூலையில் நீர் இறங்கும் பள்ளத்தைத் தாங்கவும் ஒரு நீளமான கைமரம் வேண்டும். அது சீட்டில் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் எடுத்தால் எட்டாயிரம் ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (திண்டுக்கல்)

பதில்: கூடாது.

கேள்வி: 4 × 2 என்று பில் போட்ட கைமரங்களை வீட்டில் அளந்தால் மூன்றே முக்காலுக்கு ஒன்றே முக்கால் அங்குலம்தான் இருக்கிறது. கேட்டால், “அறுப்புச் சேதாரம், எல்லாக் கடையிலும் இப்படித்தான்” என்கிறார்கள். உண்மையா? (ஈரோடு வாசகர்)

பதில்: எல்லாக் கடைகளிலும் இப்படித்தான் என்பதாலேயே இதை விரிவாக எழுதுகிறேன். கூரை மர வியாபாரத்தில் வாங்குபவர் ஒவ்வொருவரிடமிருந்தும் சத்தமில்லாமல் எடுக்கப்படும் பணம் இது.

கன அடிக் கணக்கு எளிது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுத்து, நீளத்தை அடியில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 12 அடி நீளமுள்ள 4 × 2 கைமரங்கள் 40 என்றால் 26.67 கன அடி. உங்கள் கையில் இருக்கும் அளவுக்கு அதே கணக்கைப் போட்டால் 21.88 கன அடிதான். கிட்டத்தட்ட ஐந்து கன அடி, அதாவது நூற்றுக்குப் பதினெட்டு பங்கு, உங்களிடம் வந்து சேரவே இல்லை. கன அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. பணத்தைவிடப் பெரிய நட்டம் வலுவில் இருக்கிறது. மரத்தின் தாங்குதிறன் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இந்தக் கால் அங்குலங்கள் நாலில் ஒரு பங்குக்கு அருகில் வலுவைக் குறைத்துவிடுகின்றன. தச்சர் 4 × 2 தாங்கும் என்று கணக்கிட்ட கூரையில் நீங்கள் அறியாமலே வேறு மரம் ஏறிவிட்டது.

அறுப்புச் சேதாரம் என்பது வாள் தின்னும் தூள். அது உருட்டு மரத்தைச் சட்டமாக அறுக்கும் மில்லின் செலவு. அறுத்த மரத்தின் விலையை நிர்ணயிக்கும்போதே அதைச் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு அளவிலும் அதைக் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை வாங்குகிறார்கள் என்று பொருள். பச்சை மரம் உலர்ந்து சுருங்கிவிட்டது என்பதும் பொருந்தாது. பெரும்பாலான மரங்களில் 2 அங்குலத்தில் கால் அங்குலம் உலர்வதால் மட்டும் போய்விடாது. இழைப்புளி போட்டுக் கொடுத்திருந்தால் அளவு குறைவது நியாயம்தான், ஆனால் இழைத்த பின் நிற்கும் அளவு இன்னது என்று பில்லில் எழுதித் தர வேண்டும்.

மரத்தைக் கன மீட்டரில் விற்பதே முறை (1 கன மீட்டர் 35.3 கன அடி). வாங்கிய பணத்துக்குக் குறைவான அளவில் பொருள் கொடுப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை; உங்கள் மாவட்டத்தின் அமலாக்கப் பிரிவு உதவி ஆணையரிடம் பில்லையும், டேப் வைத்து எடுத்த படங்களையும் கொடுத்துப் புகார் எழுதுங்கள். இனி வாங்குபவர்கள், வண்டியில் ஏற்றுவதற்குமுன் அடுக்கிலிருந்து தாங்களே பத்து மரங்களை உருவி, ஒவ்வொன்றையும் இரு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பில்லில் கைமரம், மூலைக்கை, ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) என்று பெயரை மட்டும் எழுதி விடக்கூடாது. இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுபவை. அகலம், கனம், நீளம், எண்ணிக்கை, மரத்தின் இனம் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: வைரம் பாய்ந்த பனங்கைகள் (பனையில் அறுத்த கைமரங்கள்) என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். வந்தவை உள்ளே சோறாக இருக்கின்றன. (விழுப்புரம் வாசகர்)

பதில்: முப்பது ஆண்டு தலைக்குமேல் நிற்க வேண்டிய மரத்தை, தொட்டுப் பார்க்காமல், முன்பணம் என்ற பேச்சே இல்லாமல், முழுத்தொகை கொடுத்து ஏன் வாங்கினீர்கள்? பனையில் வலு இருப்பது வெளிவட்டத்தில்தான். நடுவே மென்மையான சோறு. முற்றிய மரத்தில் அறுத்த முனையைப் பார்த்தால் கறுத்த நார்கள் வெளிப்பக்கம் நெருக்கமாக நிற்பது தெரியும். இளமரத்தில் அவை சிதறிக் கிடக்கும். பனையின் அடிப்பகுதியில் எடுத்த கைமரமே நல்லது. இதற்கெல்லாம் முனையைப் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு வந்த படத்தில் முனை இருந்ததா? பணம் அனுப்பிய சான்றையும் அந்த உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். இன்னொன்று: பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. மரம் எங்கே வெட்டப்பட்டது, அனுமதி உண்டா என்று கேட்காமல் பனங்கை வாங்க வேண்டாம்.

கேள்வி: கணவர் இறந்த பின் சேமிப்பை வைத்துக் கூரையை மாற்றினேன். வேங்கை என்று சொல்லிக் கொடுத்த மரங்களில் எண்ணெய் பூசியிருந்தார்கள். ஓராண்டுக்குள் ஓட்டுக்கு அடியிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது. கடையில், “வீட்டில் ஈரம், நாங்கள் என்ன செய்வது” என்கிறார்கள். பில் இருக்கிறது. (புதுக்கோட்டை வாசகி)

பதில்: அம்மா, தவறு உங்களுடையதன்று. எண்ணெய் பூசினால் வெளிவட்டத்து வெள்ளைக்கும் உள்ளே முற்றிய சேகுக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். பூசியவருக்கு அது தெரியும். மாவு போன்ற தூள், மரத்தின் வெள்ளைப் பகுதியில் உள்ள மாச்சத்தைத் தின்னும் வண்டின் வேலை. அது நடுச்சேகை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே உங்களுக்கு விற்கப்பட்டதில் வெள்ளைப் பகுதி நிறைய இருந்திருக்க வேண்டும். வேங்கைதானா என்பதையும் சோதியுங்கள். மரத்தின் உட்புறத்தில், எண்ணெய் படாத இடத்தில், தச்சரை ஒரு சீவல் எடுக்கச் சொல்லிக் கண்ணாடித் தம்ளர் நீரில் போடுங்கள். வேங்கைச் சேகு என்றால் நீர் நிறம் மாறும். வெயிலில் பிடித்தால் நீலச் சாயல் தெரியும்.

முதலில் பாதுகாப்பு: அதிகமாக உதிரும் கைமரங்களுக்குக் கீழே முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், அந்த அறையில் படுக்க வேண்டாம். பிறகு தூளையும் சீவலையும் தேதியிட்டு உறையில் போட்டு வையுங்கள். மாற்றித் தரும்படி கடைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுச் செய்தால் போதும். பில்லில் ‘வேங்கை’ என்று எழுதியிருப்பது உங்கள் கையில் உள்ள வலுவான சான்று. அதன் மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: 3 × 4 வாங்கலாமா, 2 × 6 வாங்கலாமா? இரண்டும் ஒரே விலை வருகிறது. (கோவை)

பதில்: 2 × 6. ஆழம் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் ஒன்றரை மடங்கு பளுவைத் தாங்கும், இரண்டே கால் மடங்கு விறைப்பாக நிற்கும்.

கேள்வி: இடித்த வீட்டின் பழைய கைமரங்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. நம்பி வாங்கலாமா? (சிவகங்கை வாசகர்)

பதில்: மரம் நன்றாக உலர்ந்திருக்கும் என்பதால் வாங்கலாம், நான்கு முகத்தையும் புரட்டிப் பார்த்தால். என் வீட்டு மாடிக் கூரைக்குப் பழைய மரம் விற்ற ஒருவர், வளையில் உட்காருவதற்காக முன்பே வெட்டிய பள்ளங்கள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி அடுக்கி வைத்திருந்தார். இறக்கிப் புரட்டியபோது பள்ளம் மரத்தின் பாதி ஆழம் வரை போயிருந்தது. அந்தப் பணம் திரும்பவில்லை. பள்ளம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் அந்த மரத்தை அந்த இடத்தில் வெட்டிக் கழித்துவிட்டு, எஞ்சிய நீளத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகளுக்காக மில்லில் தனிக் கூலி கேட்பார்கள், அதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ரீப்பர் எத்தனை வாங்குவது? ஓடு இன்னும் வரவில்லை. (திருச்சி)

பதில்: ஓடு வரும் வரை வாங்காதீர்கள். மங்களூர் ஓட்டுக்கு ரீப்பர் இடைவெளி ஏறத்தாழ 32 செ.மீ. வரும் என்றாலும் ஆலைக்கு ஆலை அச்சு மாறுகிறது. வந்த ஓடுகளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கிடத்தி, அடிப்பக்கக் குமிழிலிருந்து குமிழுக்கு அளந்து, கைமரத்தின் நீளத்தை அந்த அளவால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு எத்தனை வரிசை என்று தெரியும். இறவாரத்து முனைக்கு ஒரு வரிசை கூட்டிக்கொள்ளுங்கள்.