பம்ப் கெட்டதா, கரண்ட் கெட்டதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (வீடமைப்புப் பகுதிகள்) வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

கே: கிணற்று பம்ப் அரை குதிரைத்திறன். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். உறுமுகிறது என்றால் சுருளில் கரண்ட் ஏறுகிறது; கிளம்புவதற்கான உந்துதல்தான் இல்லை. ஆனால் உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சில நிமிடங்களில் சுருள் நிஜமாகவே எரிந்துவிடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் விசிறிப் பக்கம் தண்டைத் திருப்பிப் பாருங்கள். அசையவில்லையென்றால் உள்ளே துருப் பிடித்திருக்கிறது, அல்லது தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் மணல் சிக்கியிருக்கிறது. பல நாள் ஓடாமல் கிடந்த பம்ப்களில் இது சகஜம். மெதுவாக முன்னும் பின்னும் திருப்பினாலே பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

இலகுவாகச் சுற்றினால் சந்தேகம், கிளம்பும் உந்துதலைத் தரும் கெப்பாசிட்டர் மீதுதான். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு வயர்களை அதன் முனைகளில் வைத்து வெளியேற்றிய பிறகே கை வையுங்கள். மீட்டரில் அளந்து பாருங்கள். 12 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது 10-க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டியதுதான். அதே மைக்ரோஃபாரட், அதே 450 வோல்ட் அல்லது அதற்கு மேல். “பெரியதாகப் போட்டால் பலமாக ஓடும்” என்ற பேச்சை நம்பாதீர்கள். சுருள் சூடேறி ஆயுள் குறையும். கெப்பாசிட்டரின் விலை புது பம்ப் விலையில் ஒரு சிறு பங்குதான்.

கே: மாலை ஏழு மணிக்கு மேல் விளக்கு மங்குகிறது, பம்ப் திணறுகிறது. கிணறு வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகுமா?

முதலில் குறை எந்தப் பக்கம் என்று பாருங்கள். நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 216-லிருந்து 253 வரை இருக்கலாம். மோட்டாரின் கிளம்பும் பலம் வோல்டேஜின் இருமடிப்படி குறையும். 195 வோல்ட்டில் 72 விழுக்காடு பலம்தான் மிஞ்சும்.

மூன்று தடவை அளக்கச் சொல்லுங்கள்: மெயின் பெட்டியில் பம்ப் நிற்கும்போது, அதே இடத்தில் பம்ப் ஓடும்போது, கடைசியாக பம்ப் முனையில். பம்ப் நிற்கும்போதே மெயின் பெட்டியில் 216-க்குக் கீழே என்றால் அது டிஎன்பி (மின்வாரியம்) பார்க்க வேண்டிய வேலை. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை வோல்ட் என்று மூன்று நான்கு நாள் குறித்துவைத்து 15454-க்கு அழையுங்கள். வெறும் “கரண்ட் சரியில்லை” என்று சொல்வதைவிடக் கையில் அளவு இருந்தால் புகார் நிற்கும்.

மெயின் பெட்டியில் சரியாக இருந்து பம்ப் முனையில் குறைந்தால் கேபிள் மெலிது. கணக்கு இதுதான்: ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் நொடியில் 30 ஆம்பியர்வரை இழுக்கும். 40 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லி கேபிள் என்றால் அந்த நொடியில் ஏறக்குறைய 29 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 2.5 போட்டால் 18. 4 போட்டால் 11. பல வீடுகளில் விளக்குக்கு இழுத்த மெல்லிய வயரில்தான் பம்ப் தொங்குகிறது. அங்கே ஸ்டெபிலைசருக்குச் செலவிடும் காசைத் தடித்த கேபிளில் போடுவது நல்லது.

கே: சில நேரம் விளக்கு திடீரென்று பளிச்சென்று எரிகிறது, பிறகு மங்குகிறது. பழைய வீடு.

இதைத் தள்ளிப்போடவே கூடாது. நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) எங்கோ தளர்ந்திருக்கிறது. அது முழுவதும் விட்டுப்போனால் சில வீடுகளுக்கு 230-க்கு வெகுவாக மேலே ஏறி, ஃபிரிட்ஜ், டிவி, பம்ப் எல்லாம் ஒரே மாலையில் போய்விடும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு உடனே 15454-க்குச் சொல்லுங்கள். பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள். அங்கும் இப்படியென்றால் கோளாறு வெளியே, கம்பத்துப் பக்கம்.

கே: குழாயைத் திறந்தால் பம்ப் சில விநாடிக்கு ஒருமுறை போட்டு அணைகிறது.

பிரஷர் டேங்கில் காற்று போய்விட்டது. கரண்டை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, டேங்கின் வால்வில் டயர் கேஜ் வைத்துப் பாருங்கள். பம்ப் கிளம்பும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாகக் காற்று இருக்க வேண்டும், 1.4 பாரில் கிளம்பும் பம்ப்புக்கு 1.2. சைக்கிள் பம்ப்பாலேயே அடிக்கலாம். வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளிருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது, பையை மாற்றுங்கள். குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போதும் பம்ப் தானே கிளம்பினால் எங்கோ கசிவு, இல்லையேல் உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை.

கே: மழை பெய்தால் பம்ப் போட்டதும் ஆர்சிசிபி (கசிவு கண்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) விழுகிறது. எர்த் வயரைக் கழற்றினால் விழுவதில்லை. அப்படியே விடலாமா?

விடவே கூடாது. இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். கசிவு நிற்கவில்லை, போக வழியில்லாமல் பம்ப் உடலிலேயே காத்திருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் தொடுகிறவர் வழியாக இறங்கும்.

பம்ப் பிளக்கைக் கழற்றி ஆர்சிசிபியை ஏற்றுங்கள். விழாமல் நின்றால் கோளாறு பம்பிலோ அதன் கேபிளிலோதான். டெர்மினல் பெட்டியில் ஈரம், டேப் சுற்றி மண்ணில் கிடக்கும் இணைப்பு, தண்டுப் பக்கம் தண்ணீரைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்து, அதன் வழியாக மோட்டாருக்குள் போன தண்ணீர்: இந்த மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். பதிவு பெற்ற வயர்மேனிடம் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த பம்பைச் சரிசெய்யும்வரை போடக் கூடாது.

கே: கரண்ட் போனால் சின்ன ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகி ஓட்டலாமா?

கூடாது. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும். டிஎன்பி கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்று சேராமல் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மாட்டுங்கள். இல்லையென்றால் பம்ப் வயரை ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகுங்கள். அரை குதிரைத்திறன் பம்ப்புக்கு 2 கிலோவாட்டுக்குக் குறையாத ஜெனரேட்டர் வேண்டும், கிளம்பும் இழுப்பு அவ்வளவு. புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் சமையலறை ஓரத்திலோ ஐந்தடி நடைபாதை மறைப்பிலோ வைக்காமல் திறந்த வெளியில், ஜன்னல்களை விட்டுத் தள்ளி வையுங்கள்.